லியோனோவ் நிலையத்தில் பிரேக் கிடையாது

லியோனோவ் விண்வெளி நிலையத்தின் மூன்றாவது வாசலைத் தகர டப்பா போல நசுக்கி, கேப்டன் பார்த்துப் பார்த்து வளர்த்த தக்காளித் தோட்டத்தை அண்டவெளியில் வாரி இறைத்த மனிதர், தொழிலால் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வாத்தியார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரியவந்தால் சிரிப்பு மட்டும்தான் வரும். முன்பே சொல்லிவிட்டால் கொஞ்சம் பரிதாபமும் வர வாய்ப்பிருக்கிறது.

அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாகச் செருகும் வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணாடியில் ஒரு பார்வை, ஸ்டியரிங்கை ஓர் ஒடிப்பு, பிறகு ஒரு நேராக்கல். வண்டி உறைக்குள் கத்தி போல உட்கார்ந்துவிடும். அப்பேர்ப்பட்டவருக்கு, ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டடத்தோடு உள்ளே தள்ளலாம் என்கிற அகலத்தில் வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. எதிரே லாரி இல்லை, குறுக்கே நாய் இல்லை, பின்னால் ஹார்ன் அடித்து உயிரை வாங்கும் பஸ் இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கும்தான். ஆனால் ஆனை சறுக்கினால் அடுத்தவர் தக்காளி பறந்துபோவதில்லை.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளின் அறையில், மகளின் மேசையில், மகள் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரின் முன்னால் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். திரையில் ஓடிய விண்வெளி விளையாட்டில், அவருடைய சரக்குக் கப்பலான ‘தட்டுவண்டி’, வயிறு முட்டக் குடிதண்ணீரோடு நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில், வாசலைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணின் குரல் தூரத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே வந்தது. வேகம் கூடுதலாக இருக்கிறது, எதிர் உந்து கொடுங்கள் என்றது. எதிர் உந்து என்பது கப்பலின் மூக்கிலிருந்து தீயைக் கக்கி வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடு. அதற்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது; அழுத்துவதற்குக் கையில் விரல்களும் இருந்தன. எல்லாம் இருந்தும், நிலையத்தின் சுவர் திரையை நிறைத்துக்கொண்டு வந்தபோது வாத்தியாரின் கை அசையவில்லை. கால்தான் அசைந்தது.

அந்த வலது காலைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் வாத்தியாருக்குத் தனியாக ஒரு பிரேக். ஆயுளில் பாதியை அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே கழித்தவர் அவர். அதனால் அந்தக் கால் இப்போதெல்லாம் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பஸ்ஸில் போனால் டிரைவருக்காக மிதிக்கும். சினிமாவில் கதாநாயகன் வண்டியை வேகமாக ஓட்டினால் முன்சீட்டுக்காரரை மிதிக்கும். தூக்கத்தில் மனைவியை மிதிக்கும். மனைவி பிசியோதெரபி செய்பவள். ஒருநாள் நாடாவால் அளந்து பார்த்து, வலது ஆடுசதை இடதைவிடத் தடிமன் என்று அறிவித்தாள். மருத்துவ உலகத்துக்கு இது புதிது, ஆனால் யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அந்தக் கால் அன்று மேசைக்கு அடியில் ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. அதன் சிவப்பு சுவிட்ச் ‘டொக்’ என்று அணைந்தது.

திரை இருண்டது. காதில் குரல் அறுந்தது. அந்த நிசப்தத்தில், ஹாலில் மனைவி மடக்கிக்கொண்டிருந்த யாருடைய முட்டியோ “அய்யோ” என்று அலறியது மட்டும் கேட்டது.

விண்வெளியில் வண்டிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஓட்டுகிறவர் போனாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். மேடு வந்து தடுக்காது, பெட்ரோல் தீர்ந்து நிற்காது. எதிலாவது முட்டினால்தான் நிற்கும். தட்டுவண்டி முட்டி நின்றது.

அந்த விளையாட்டை இணையத்தில் எங்கெங்கோ இருக்கும் ஏராளமான பேர் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். லியோனோவ்காரர்கள் மட்டும் சுடுவதில்லை. அவர்கள் தமிழ் பேசும் ஒரு சிறு கூட்டமாகச் சேர்ந்து ஒரு நிலையத்தைக் கட்டி, அதற்குத் தண்ணீர் ஏற்றி, குப்பை இறக்கி, குழாய் ஒழுகினால் அடைத்து, தக்காளி பயிரிட்டு வாழ்கிறார்கள். அதாவது, வீட்டில் செய்யச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற வேலைகளையெல்லாம் அங்கே வரிசையில் நின்று வாங்கிச் செய்கிறார்கள்.

நிலையத்தின் பெயருக்குரிய லியோனோவ் நிஜமான ஆள். கப்பலை விட்டு வெளியே இறங்கி விண்வெளியில் மிதந்த முதல் மனிதர். அவர் இறங்கியதில் சிக்கல் இல்லை. திரும்பி ஏறுவதில்தான் வந்தது. வெளியே காற்றில்லாத இடத்தில் அவருடைய உடை உப்பிப் போய்விட்டது. போன வழியிலேயே உள்ளே நுழைய முடியாமல், கடைசியில் உடைக்குள்ளிருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, இளைத்து, அதன் பிறகே உள்ளே வந்து சேர்ந்தார். நிலையத்தின் கேப்டனுக்கு இந்தக் கதை என்றால் உயிர். நிலையத்தின் ஒரே விதியை அவள் இதிலிருந்துதான் உண்டாக்கினாள்: உள்ளே வருகிறவர்கள் தரையில் ஏற்றிக்கொண்ட காற்றையெல்லாம் வாசலிலேயே இறக்கிவிட வேண்டும். யாருக்கு என்ன உத்தியோகம், யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கு யார் மேல் மனத்தாங்கல், எதுவும் கதவைத் தாண்டக்கூடாது. அதற்குப் பெயர் தரைப்பேச்சு. பேசியவர், நிலையத்தின் காற்றுக்காகப் பாசி வளர்க்கிற பாசித் தொட்டியைக் கழுவ வேண்டும்.

வாத்தியார் கழுவிய அளவுக்கு அந்தத் தொட்டியை வேறு யாரும் கழுவியதில்லை. ஒருமுறை, “வாசல், சாப்டீங்களா?” என்று கேட்டதற்காக. சாப்பாடு தரைப்பேச்சா இல்லையா என்று கேப்டன் தீர யோசித்து, தரைப்பேச்சுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். இன்னொரு முறை, “வாசல், உங்க பக்கம் மழையா?” என்று கேட்டதற்காக. விண்வெளியில் ஏது மழை, கழுவுங்கள் தொட்டியை.

வாசலைக் கவனித்துக்கொள்ளும் அந்தப் பெண்ணை நிலையத்தில் எல்லோரும் ‘வாசல்’ என்றே கூப்பிடுவார்கள். வாத்தியாரை ‘ரிவர்ஸ்’ என்பார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. நிலையத்தில் யாருக்கும் தெரியாதது, வாசல் என்பவள் ரிவர்ஸ் என்பவருக்குச் சொந்த மகள் என்பது. பெற்ற மகளை ‘நீங்க, வாங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு மனிதர் தண்ணீர் சுமந்து கொண்டிருந்தார்.

மகள் வேறொரு நகரத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது கம்ப்யூட்டரை அப்பாவுக்கு விட்டு, அதில் இந்த விளையாட்டையும் ஏற்றி, “பேசறதுக்கு ஒண்ணும் இல்லன்னா வெளையாடலாம்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது அதை அவர் கேலியாக எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, அது வெறும் உண்மை என்று.

பேச ஒன்றும் இல்லாமல் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா?

இதைப் போனில் கேட்டுவிடலாம்தானே என்று நமக்குத் தோன்றும். வாத்தியாருக்கும் தினம் தோன்றியது. போனை எடுப்பார். வேலை எப்படி என்பார். போகுதுப்பா என்பாள். அங்கே வாடகையெல்லாம் அதிகமோ என்பார். பரவாயில்லப்பா என்பாள். இங்கே நம் தெருவிலேயே ஒரு பெயின்ட் கடை திறந்திருக்கிறான் என்பார். அப்படியா என்பாள். வருவது போவதெல்லாம் எப்படி யோசனை என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடப் போவார். மூக்கு வரைக்கும் கை வருவதற்குள், “பாக்கலாம்ப்பா, அம்மாகிட்ட குடுங்க” என்று வந்துவிடும். திரும்புவதற்கு முன்னால் இண்டிகேட்டர் போடு, இண்டிகேட்டர் போடு என்று ஊராருக்குத் தொண்டை வற்றக் கத்துகிறவர், தன் விஷயத்தில் ஒருநாளும் போட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயம் ஒரு பக்கம். பதில் வராமலே இருந்தால் அந்த அறை அப்படியே இருக்கும் என்கிற நப்பாசை இன்னொரு பக்கம்.

அறைக்கும் ஒரு கெடு வந்திருந்தது. மனைவியின் தொழில் நடப்பது ஹாலில். வாத்தியார் சாப்பிட உட்கார்ந்தால் எதிர் சோபாவில் யாராவது ஒருவருடைய முதுகு அமுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். டீவியைப் போட்டால் எங்கோ ஒரு தோள்பட்டை முனகும். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நல்லதாக ஒரு சிகிச்சைக் கட்டில் வாங்கிவிட்டாள். ஏற்றி இறக்கும் கைப்பிடி வைத்த, நீல மெத்தை போட்ட கட்டில். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஹாலின் நடுவில் நின்றது. முட்டி வலிக்கு வந்த ஒருவர் அதன் மூலையில் நன்றாக இருந்த இன்னொரு முட்டியை இடித்துக்கொண்டு, இரட்டை நோயாளியாக வீடு திரும்பினார்.

கட்டில் மகளின் அறைக்குள் போக வேண்டும் என்றாள் மனைவி. அவளைக் கேட்காமல் எப்படி என்றார் இவர். கேளுங்களேன் என்றாள். நீ கேளேன் என்றார்.

“நான் கேட்டாச்சு,” என்றாள் மனைவி.

“என்ன சொன்னா?”

“அத அவ வாயால கேளுங்க. நான் ஒண்ணும் உங்களுக்கு ரெண்டாவது பிரேக் கிடையாது. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள கேக்கலன்னா கட்டில் உள்ள போயிடும், உங்க கம்ப்யூட்டர் சமையல்கட்டுக்குப் போயிடும்.”

அதனால்தான் அந்த ஞாயிறு மதியம் அவர் வேகமாக வந்தார். தண்ணீரை இறக்கிவிட்டு, எப்படியாவது, பாசித் தொட்டி போனால் போகிறது என்று நிலையத்துக்குள்ளேயே கேட்டுவிடுவதாகத் திட்டம். வேகம் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் அதுதான். மிச்சத்தைக் கால் பார்த்துக்கொண்டது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று ஒரு பழமொழி உண்டு. இந்த வீட்டில் வாத்தியாரும் வைத்தியரும் ஒரே பிள்ளைக்குப் பெற்றோர். ஆனால் பிள்ளை மக்கும் இல்லை, சீக்கும் இல்லை; வண்டி ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுக்க அவர் முயலாமல் இல்லை. மகள் ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் இவர் பிரேக்கைத் தொடுவார். அவள் கியர் மாற்ற நினைத்தால் இவர் நிறுத்த நினைப்பார். காலி மைதானத்தில்கூட, எதிரே வராத லாரிக்காகப் பிரேக் போட்டார். ஒருநாள் நட்டநடுத் தெருவில் அவள் வண்டியை அணைத்து, சாவியை அவர் மடியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். வாத்தியார் இடம் மாறி உட்கார்ந்து, இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, அவள் பின்னாலேயே வீடு வரை ஊர்ந்து வந்தார். பார்த்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்று ஒதுங்கி நின்றார்கள்.

சரி, நிலையத்துக்கு வருவோம். அணைந்த கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து, தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு, சாவகாசமாக உள்ளே விட்டது. தட்டுவண்டி இல்லை. நிலையத்து ஆட்கள் அவரை ஒரு மீட்புக் கூண்டில் அள்ளி, பொது அறையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தக்காளிகள், செடியோடு, தொட்டியோடு, நிதானமாகச் சுற்றிக்கொண்டு போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கிற அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

விசாரணை உடனே தொடங்கியது. கேப்டனின் மடியில் நிஜமாகவே ஒரு கைக்குழந்தை உண்டு. அது அழுதால் நிலையம் முழுக்கக் கேட்கும். குழந்தை அழுவது தரைப்பேச்சில் சேராது என்று முன்பே தனித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். அன்று அது பின்னணி இசை போல விடாமல் அழுதது. பழுது பார்ப்பவனான ‘ஸ்பேனர்’ சேதங்களை வாசித்தான். மூன்றாவது வாசல் காலி. தோட்டம் காலி. நிலையத்தின் வெளிச்சுவரில் ஆளுயர எழுத்துகளில் பதித்திருந்த பெயரில், கடைசி எழுத்து பெயர்ந்து தொங்குகிறது. அதன் தலையில் இருந்த புள்ளி பிய்த்துக்கொண்டு பறந்து, வலை வீசிப் பிடிக்கப்பட்டது.

“ரிவர்ஸ், சுத்தி வளைக்காம சொல்லுங்க,” என்றாள் கேப்டன். “மோதறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?”

“பிரேக் போட்டேன்.”

“இந்தக் கப்பல்ல பிரேக்கே கிடையாதே.”

“கப்பல்ல இல்ல. மேசைக்குக் கீழ. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல.”

கொஞ்ச நேரம் குழந்தை மட்டும் பேசியது. பிறகு ஸ்பேனர் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்த சிரிப்பில் ஹெட்போன் கீச்சிட்டது. கேப்டன் அடக்கிப் பார்த்து, முடியாமல், குழந்தைக்குத் தட்டிக்கொடுப்பது போல மைக்கை மூடிக்கொண்டாள். வாத்தியார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். விளையாட்டில் தலைகுனிவதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. அதை மட்டும் சரியாக அழுத்தினார்.

சிரிப்பு அடங்கியதும் கேப்டன் குரலை மாற்றிக்கொண்டாள். அடுத்த குற்றவாளி வாசல் என்றாள். வாத்தியாருக்குப் புரியவில்லை. தான் அல்லவா இடித்தது, வாசல் என்ன செய்தாள் பாவம் என்று கேட்டார். அப்போதுதான் ஸ்பேனர் தயங்கித் தயங்கிச் சொன்னான். தட்டுவண்டி சுவரில் மோதிய கணத்தில், எல்லோரும் கேட்கிற பொது ஒலிவழியில், வாசல் ஒரு வார்த்தை கத்திவிட்டாள். நிலையத்தில் யாரும் யாரையும் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை.

“என்ன வார்த்தை?” என்றார் வாத்தியார்.

“‘அப்பா, பிரேக்!’னு கத்துனாங்க, சார்,” என்றான் ஸ்பேனர். அதுவரை அவரை அவன் ‘சார்’ என்று கூப்பிட்டதில்லை.

வாசலின் உருவம் மூலையில் சிலை போல நின்றது. வாத்தியாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ‘பிரேக் போடாதீங்கப்பா’ என்று வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய காது. ஆயுளில் ஒரே ஒரு தடவை அவளே போடச் சொல்லியிருக்கிறாள். அவரும் போட்டிருக்கிறார். அதைக் காதால் கேட்கத்தான் கொடுத்துவைக்கவில்லை; சுவிட்ச் அணைந்திருந்தது.

உறவை மறைத்ததற்கு விதியில் தண்டனை இல்லை, வெளியிட்டதற்குத்தான் உண்டு என்று கேப்டன் விளக்கினாள். அது விநோதமான சட்டம்தான். குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இயற்றும் சட்டங்கள் அப்படித்தான் இருக்கும். தீர்ப்பு: இருவரும் ஒரே கயிற்றில் இணைந்து வெளியே போய், நிலையத்தின் பெயரைச் சரிசெய்ய வேண்டும். பெரியவரை வெளியே விட்டால் ஆபத்தாயிற்றே என்று ஸ்பேனர் முணுமுணுத்தான். இடிப்பதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று கேப்டன் கேட்டாள்.

வாத்தியார் ஒரு நிமிஷம் அனுமதி வாங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். மேசைக்கு அடியில் குனிந்தால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அங்கே இல்லை. அவர் விசாரணையில் தலைகுனிந்திருந்த நேரத்தில் மனைவி வந்து அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் நோயாளிகள் காலால் அமுக்கிப் பழகுகிற தடித்த ஸ்பாஞ்சு ஒன்றைப் போட்டிருந்தாள். அறை வாசலில் நின்றபடி, “இப்ப எவ்ளோ வேணா மிதிங்க,” என்றாள். “அத்தோட ஆடுசதைக்கும் நல்லது.” பிறகு கதவை முழுதாகச் சாத்தாமல் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு ஹாலுக்குப் போனாள். ஹாலில் முனகல் சத்தம் திடீரென்று நின்றது. முட்டிக்காரரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

வெளியே போகும் கதவு திறந்தபோது வாத்தியாரின் விண்வெளி உடை மெல்ல உப்பியது. திரையின் ஓரத்தில் அவருடைய கை, பலூன்காரன் கையில் மறந்துபோன பலூன் மாதிரி ஆடியது. அவருக்கு முன்னால் மகள், கயிற்றின் மறுமுனையில், சுவரில் பதித்த பிடிகளைப் பற்றி எறும்பு போலப் போய்க்கொண்டிருந்தாள். கீழே என்றும் மேலே என்றும் ஒன்றும் இல்லை. ஒரே கறுப்பு, நடுவில் கொஞ்சம் தக்காளி.

பெயரின் கடைசியில் ‘வ்’ ஒற்றைப் போல்ட்டில் தொங்கியது. மகள் அதை இழுத்து நிமிர்த்தினாள். புள்ளி வாத்தியாரின் கையில் இருந்தது; சாப்பாட்டுத் தட்டு அளவு, தகரத்தால் ஆன புள்ளி. அதைத் தொலைத்துவிட்டால் நிலையத்தின் பெயரே வேறாகிவிடும் என்பதால் இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“வாசல், இந்தப் புள்ளிய எப்ப தரணும், சொல்லுங்க,” என்றார்.

“அப்பா,” என்றாள் மகள். “நாம வெளிய இருக்கோம். விதி கதவுக்கு உள்ளதான். கயித்துல பேசறது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் கேக்கும்.”

மாதக்கணக்காகத் தண்ணீர் சுமந்தது இதற்குத்தான். தொட்டி கழுவியது இதற்குத்தான். இதோ, விதியில்லாத இடம், வேறு காதில்லாத கயிறு, எதிரே மகள். வாயைத் திறந்தார்.

“சாப்டியா?” என்றார்.

“சாப்டேன்.”

“அங்க மழையா?”

“இல்ல.”

போல்ட் ஒன்று இறுகியது. அடுத்ததை மகள் எடுத்தாள். அம்மா ஒரு கட்டில் வாங்கியிருக்கிறாள் என்று ஆரம்பித்தார் வாத்தியார். தெரியும் என்றாள் மகள். நீலக் கலர் மெத்தை என்றார். தெரியும் என்றாள். முட்டிக்காரர் இன்னொரு முட்டியையும் இடித்துக்கொண்டது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் அவரைத் தவிர எல்லோரும் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள் போலிருந்தது.

“மொதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்,” என்றாள் மகள். “திட்டக் கூடாது. நான் இங்க லைசென்ஸ் வாங்கிட்டேன்.”

வாத்தியாரின் கால் ஸ்பாஞ்சை ஆழமாக அமுக்கியது. மகள் யாரையாவது விரும்புகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட, பையன் என்ன செய்கிறான் என்று பக்குவமாகக் கேட்டிருப்பார். இது வேறு மாதிரி அடி. வேறொரு பள்ளி. வேறொரு வாத்தியார். அவருடைய பெண்ணுக்கு எவனோ ஒருவன் கிளட்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

“ஆள் எப்படி?” என்றார், குரலைச் சமமாக வைத்துக்கொண்டு.

“நல்லவர். தூங்கிடுவாரு.”

“என்னது?”

“நான் வண்டிய எடுத்ததும் தூங்கிடுவாருப்பா. செருப்பக் கழட்டிட்டு, சீட்லயே சம்மணம் போட்டு உக்காந்துக்குவாரு. மெயின் ரோடு வந்தா எழுப்பச் சொல்லுவாரு. எழுப்பினா, ‘வந்துட்டியா, சரி போ’ன்னு மறுபடியும் தூங்கிடுவாரு.”

வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. இப்படியும் ஒருவன் தொழில் செய்கிறானா, பக்கத்து பிரேக் எதற்கு இருக்கிறது, சம்மணம் போட்டு உட்கார அதென்ன பந்தியா என்று கேட்க வாய் வரை வந்தது. எங்கேயும் இடிக்கவில்லையே என்று மட்டும் கேட்டார். ஒரு தடவை குப்பைத் தொட்டியில் இடித்ததாகவும், அந்தச் சத்தத்துக்கும் அவர் எழுந்திருக்கவில்லை என்றும், தானே இறங்கித் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓட்டியதாகவும் மகள் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வாத்தியார் தன் தொழிலில் எத்தனையோ பேர் முகத்தில் பார்த்திருக்கிறார். அவர்கள் லைசென்ஸை வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா இனிப்பைக் கொடுத்துவிட்டு, அவர் இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது இருக்கும் முகம். அவள் முகத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, கேட்கத்தான் முடிந்தது.

“புள்ளியக் குடுங்க,” என்றாள் மகள்.

கொடுத்தார். அவள் அதை எழுத்தின் தலையில் வைத்து முடுக்கினாள். கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்றார் வாத்தியார். பெயர் முழுசாகிவிட்டது. இனி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். உள்ளே போனால் அவள் மறுபடி ‘நீங்க’, இவர் மறுபடி ரிவர்ஸ்.

“வாங்க போலாம்,” என்றாள் மகள். ஆனால் நகரவில்லை. “கேக்க வந்ததக் கேளுங்கப்பா,” என்றாள்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். வலது கால் ஸ்பாஞ்சைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் ஓட்டவில்லை, எதிரே எதுவும் வரவில்லை, ஆனாலும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். காலை இரண்டு கைகளாலும் தூக்கி, நாற்காலிமேல் மடித்து, மற்றதையும் மடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முட்டி வலித்தது. அதற்கு வைத்தியம் ஹாலிலேயே இருக்கிறது.

“நீ இங்க திரும்பி வருவியா, மாட்டியா?” என்றார்.

“மாட்டேன்ப்பா,” என்றாள் மகள். “லீவுக்கு வருவேன். மொத்தமாத் திரும்பி வரமாட்டேன். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல, எனக்கு இங்க புடிச்சிருக்கு, அவ்ளோதான். ரூம அம்மாவுக்குக் குடுத்துடுங்க. நான் வர்றப்ப அந்தக் கட்டில்ல யார் முட்டியும் இல்லன்னா, அதுலயே படுத்துக்கறேன்.”